வரைகோட்டில் ஒரு சிறு மேடு

1

2008 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இரவு பெய்த பனி வாசலில் கணுக்கால் அளவு கிடந்தது. வழக்கம்போல முதலில் அதை வாரித் தள்ளி, படிகளில் உப்புத் தூவினேன். மனைவி மலர் புட்டும் முந்தின நாள் மீன் குழம்பும் போட்டு, குழம்பு ஒழுகாதிருக்க டப்பாவை மெல்லிய பொலித்தீன் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுத் தந்தாள். மகள் துளசி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மேசையில் இருந்தாள். வெளிக்கிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். எனக்கு ஆட்டினாளா பாட்டுக்கு ஆட்டினாளா தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி ஸ்கார்பரோவின் தொழிற்சாலைப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் குளிசை, அதாவது மாத்திரை, செய்கிறார்கள். மாவாக வரும் மருந்தை நனைத்துப் பிசைந்து குறுணியாக்கி, சூடான காற்றில் உலர்த்தி, பிறகு அச்சில் அடிப்பார்கள். உலர்த்தியை நிரப்புவதும், காலி செய்வதும், கழுவுவதும் என் வேலை. கொழும்பில் நான் இரசாயனவியலாளன். இங்கே பட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் என் பட்டத்தை ஒப்புக்கொண்டது, அனுபவத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நேர்முகத்தில் என்ன செய்தாய் என்று கேட்ட பெண்ணுக்கு, குறுணியின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணால் பார்த்துச் சோதிப்பவர் என்று எழுதிக்கொண்டார். பிழையென்று விளக்கியபோது ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். ஆதாரம் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பு.

அந்தச் செவ்வாய் ஒரு விதத்தில் வேறு நாள். உலர்த்தியின் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிச் சாளரம் பொருத்தியிருந்தார்கள். அதன் வழியாக ஒளியைச் செலுத்தி, திரும்பி வருவதை அளந்து, உள்ளே சுழலும் குறுணியில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்பதை அந்தக் கணமே திரையில் காட்டும் கருவி. அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவி மார்த்தா போலந்துக்காரி, நேர்மையானவர். "உன் பெயரைக் கொடுக்க எனக்கு விருப்பம். ஆனால் இதை நீ முன்பு செய்திருக்கிறாய் என்று யாராவது சொல்லவேண்டும், அல்லது நீ ஏதாவது காட்டவேண்டும்" என்று முந்தின கிழமையே சொல்லியிருந்தார். கருவி விற்ற கம்பனி அனுப்பும் நிபுணர் இரண்டு நாள் பயிற்சி தருவார். அது முடிந்ததும் பெயர் தீர்மானமாகும்.

காலைப் பயிற்சிக்கு அந்த நிபுணர் வந்தார். மேல்கோட்டைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொட்டாஞ்சேனை எமில்.

2

எமில் யார் என்று சொல்லவேண்டும். அதற்கு முதலில் ஒளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் செந்நிறக் கீழ்க் கதிர் என்று படித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு பகுதி இருக்கிறது. அந்த ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், பொருள் தனக்கு வேண்டியதை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எதை விழுங்கியது என்று கோடு வரைந்தால் அந்தப் பொருளின் நிறமாலை. தண்ணீர் விழுங்கும் இடத்தில் கோடு ஒரு பெரிய மேடாக எழும். குறுணி காயக் காய அந்த மேடு தணியும். மேடு தணிவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் உலர்த்தியை நிறுத்தலாம். கூடக் காய்ந்தால் குளிசை வெடிக்கும், குறையக் காய்ந்தால் அச்சில் ஒட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் இரத்மலானையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பழையதென்று கழித்துவிட்ட அப்படியொரு கருவி எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆய்வுகூடத்தின் தலைவர் எமில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் தமிழர்தான், ஆனால் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்ததால் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தவன். என் சிங்களம் கடைக்குப் போதும், காவலரணுக்குப் போதாது.

அது மின்வெட்டுக் காலம். குறுணியை மேல்மாடி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அடுப்பில் காயவைத்து எடை பார்த்து, ஈரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும். பொழுதுபடுவதற்குள் தமிழ் ஆட்களும் வீடு போகவேண்டும். ஆகவே கருவியை உலர்த்தியின் பக்கத்திலேயே வைத்து, எடுத்த இடத்திலேயே அளக்கலாம் என்று எனக்குப் பட்டது. எமிலிடம் கேட்டேன்.

"செய்யன் மச்சான். வந்தா நம்ம ரெண்டு பேருக்கும் பேர், வராட்டி உன்ட பேர் மட்டும்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு.

ஒரு சிக்கல் இருந்தது. கொழும்புக் காற்றில் காய்ந்த குறுணியை வெளியே எடுத்தால், ஒளியை வைப்பதற்குள் அது திரும்ப ஈரத்தைக் குடித்துவிடும். பல கிழமை இதோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் வெள்ளவத்தைச் சந்தையில் கடலைக்காரர் பருப்பை மெல்லிய சிலிசிலிப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றில்லாமல் அமுக்கி முடிவதைக் கண்டேன். அதே பையில் ஒரு கட்டு வாங்கினேன். மறுநாளிலிருந்து உலர்த்தியிலிருந்து எடுத்த கையோடு குறுணியைப் பையில் போட்டு முடிந்து, பையின் மேலேயே ஒளியை வைத்து அளந்தேன். அளவுகள் ஆடாமல் நின்றன. பொலித்தீனும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அதனால் ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் மேட்டுக்கு அப்பால் ஒரு சிறு மேடு வரும். எல்லாக் கோட்டிலும் ஒரே அளவாக வந்ததால் அது கணக்குக்குத் தொந்தரவு தரவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. எமில் கீழே இறங்கி வந்து பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. கோடுகள் மேலே போனதும் "வடிவா இருக்கு மச்சான்" என்பார்.

3

ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி நார்க் கேபிளின் நுனியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அந்தக் கிழமை முடிவில் நீண்ட விடுமுறை, குளிரூட்டியும் ஓடாது.

"வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள்ள புதைச்சு வை. திங்கள் கொண்டா" என்றார் எமில்.

"வயர் மாதிரிக் கிடக்கு எமில். கோல் றோட்டால கொண்டு போகேலுமே? ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்."

"துண்டு எழுதினா இவனுகள் அதையும் சந்தேகப்படுவானுகள். யாரும் மறிச்சா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லு. நான் இருக்கிறேன்தானே?"

நான் இருக்கிறேன்தானே. அந்தக் காலத்துக் கொழும்பில் தமிழர்கள் இப்படித்தான் பயணம் செய்தோம், ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில். அடையாள அட்டை ஒரு பையில், தெரிந்தவரின் தொலைபேசி எண் மறுபையில்.

பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். கேபிளைக் கண்டதும் சிப்பாய் இரண்டடி பின்னால் போனார். "மொக்கத மே?" இது என்ன என்று அவர் கேட்டதற்கு, ஒளியைக் கொண்டுபோகும் வயர் என்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னது நிலைமையை இன்னும் கெடுத்தது. பொலிஸ் நிலையத்தில் எமிலின் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். அதிகாரி என் முன்னாலேயே சுழற்றினார். எமில்தான் எடுத்தார். மறுமுனைக் குரல் எனக்கும் மெல்லக் கேட்டது. அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எயா தன்னே நே கியனவா."

அவர் தெரியாது என்கிறார். கேபிளைத் தெரியாதா, கொடுத்தது தெரியாதா, என்னையே தெரியாதா என்று நான் கேட்கவில்லை. மூன்றும் ஒன்றுதான்.

மூன்று கிழமை வைத்திருந்தார்கள். மலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனாள், ஒரு வார்த்தை வந்து சொல்லச் சொல்லிக் கேட்க. எமிலின் அக்கா கதவைப் பாதி திறந்து, தம்பி வீட்டில் இல்லை என்றாராம். வாசலில் எமிலின் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் சைலன்சரில் குழந்தையின் கால் பட்டுச் சுட்டுவிட்டது. அவ்வளவு சூடு, அப்போதுதான் வந்து நிறுத்தியது. துளசியின் காலில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. எப்படி வந்ததென்று அவளுக்குத் தெரியாது.

குற்றம் ஒன்றுமில்லை என்று விட்டார்கள். தொழிற்சாலை என்னைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு இங்கே வந்தோம்.

4

நான் எமிலை மன்னித்தேன். பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். மறுமுனையில் பொலிஸ் நிற்கும்போது, ஒரு தமிழன் மற்றத் தமிழனைத் தெரியாது என்று சொல்வது எப்படி வருமென்று எனக்கு விளங்கும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விடை தெரியாததால் மன்னித்தேன்.

இங்கே அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டபோது அவருக்குத்தான் தொலைபேசி எடுத்தேன். குரலில் தடுமாற்றம் தெரிந்தது. நலம் விசாரித்தார். நான் வரைந்த கோடுகளின் பிரதி ஒன்று, அதோடு நான்தான் செய்தேன் என்று ஒரு வரி போதும் என்றேன்.

"ஒண்டும் மிஞ்சல்ல மச்சான். உன்னைப் பிடிச்சதுக்குப் பிறகு பொலிஸ் வந்து எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டானுகள். கம்பியூட்டரையே கொண்டுபோயிட்டானுகள்."

"அந்த ஒரு வரி?"

"இப்ப நிலைமை சரியில்ல. உன்ட பேரை எழுதினா எனக்கும் பிரச்சினை, உனக்கும் பிரச்சினை. கொஞ்சம் பொறு."

என்னால்தானே எல்லாம் போனது என்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆம், நான் கேட்டேன். அவர் "பரவாயில்ல விடு மச்சான்" என்று ஏற்றுக்கொண்டார்.

5

பயிற்சி அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். தலைமுடி வலையும் முகமூடியுமாக இருந்ததால் எமில் என்னை முதலில் கவனிக்கவில்லை. நன்றாகப் பேசினார். அவர் எப்போதும் நன்றாகப் பேசுவார். இப்போது சிங்கப்பூரில் இருப்பதாகவும், வெப்ப நாடொன்றில் இந்த முறையை முதன்முதலில் செய்து பார்த்தவர்களில் தானும் ஒருவர் என்றும் சொல்லி, திரையில் ஒரு படத்தைப் போட்டார். கீழே அவருடைய பெயர்.

குறுணி காயக் காயத் தணியும் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. தண்ணீர் மேட்டுக்கு அப்பால், ஒவ்வொரு கோட்டிலும், ஒரே அளவில், ஒரு சிறு மேடு.

பெற்ற பிள்ளையை வேறொருவர் கையில் பார்த்ததுபோல என்று எழுத நினைத்தேன், அது மிகை. சந்தையில் வாங்கிய பையை வேறொருவரின் பெயருக்கு மேலே பார்த்தேன், அவ்வளவுதான். பொலிஸ் அள்ளிக்கொண்டு போகவில்லை. கோடுகள் அவரிடமே இருந்திருக்கின்றன, நான் தொலைபேசியில் கெஞ்சிய அன்றும்.

மார்த்தா கையை உயர்த்தினார். "அந்தச் சின்ன மேடு என்ன?"

எமில் ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு, "குளிசை அச்சில் ஒட்டாதிருக்கச் சேர்க்கும் வழவழப்புத் தூள். அதன் கொழுப்புச் சங்கிலி அந்த இடத்தில்தான் விழுங்கும்" என்றார்.

கெட்டித்தனமான பதில். பொலித்தீனும் அந்தத் தூளும் அமைப்பில் நெருங்கிய உறவுக்காரர், மேடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். ஆனால் வழவழப்புத் தூளை உலர்த்தி முடிந்து கடைசியில்தான் சேர்ப்பார்கள். உலர்த்தியில் இருக்கும் குறுணியில் அது இருக்கவே முடியாது. படத்தின் தலைப்பிலோ உலர்த்தல் என்று எழுதியிருந்தது. தான் எடுத்துக்கொண்டது என்னவென்று அவருக்கு இவ்வளவு காலமும் தெரிந்திருக்கவில்லை.

இடைவேளையில் மார்த்தா என்னை அவரிடம் கூட்டிப்போனார். நான் முகமூடியைக் கீழே இறக்கினேன்.

"இவர் சபா. இவரும் கொழும்பில் மருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். உங்களுக்கு ஒருவரையொருவர் தெரியுமா?"

எமிலின் கண்கள் என்னில் நின்றன. அவருக்குத் தெரிந்துவிட்டது. கோப்பிக் கோப்பையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டினார்.

"கொழும்பு பெரிய ஊர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "சந்தித்ததில் மகிழ்ச்சி."

நான் கையைக் கொடுத்தேன்.

6

மதியம் சாப்பாட்டு அறையில் தனியே இருந்தபோது வந்து எதிரே அமர்ந்தார். கதவைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"மச்சான், கோவிக்காத. சட்டெண்டு எனக்கு என்ன சொல்றதெண்டே வரல்ல."

"போன முறையும் வரேல்லை."

"அது வேற காலம்டா. எனக்கும் குடும்பம் இருந்திச்சி."

"ஓம், அது வேற. அதை நான் எப்பவோ விட்டிட்டன். இது என்ன காலம், எமில்? ஆர் உமக்குப் பக்கத்தில துவக்கோட நிண்டது?"

எப்போதும் 'நீங்கள்' என்பவன், அவரை 'உமக்கு' என்று இறக்கிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார்.

"நீ போயிட்டாய். அது அங்க கிடந்து பழுதாகிறதை விட யாருக்காவது உதவட்டும் எண்டுதான்."

"பொலிஸ் கொண்டுபோட்டுது எண்டனீர்."

என் புட்டைப் பார்த்தார். "மலர் செஞ்சதா?" என்றார். நான் டப்பாவை மூடினேன்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றேன். "படத்தில உம்மட பேர் கிடக்கட்டும். மார்த்தாவிட்டை ஒரு வசனம் சொல்லும். இவர் என்னோட வேலை செய்தவர், இந்த வேலை தெரியும் எண்டு. காணும்."

"அப்ப அந்தம்மா கேட்பா, காலையில ஏன் தெரியாதெண்ட எண்டு. இந்தக் கம்பனி என்னை நம்பித்தான் அனுப்பியிருக்கு." எழுந்து, கதிரையை உள்ளே தள்ளினார். குரலைத் தணித்தார். "சும்மா சொல்றேன், தப்பா எடுக்காத. அந்தப் படத்தில உன்ட பேர் எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப விடு மச்சான்."

7

பின்னேரம் வீட்டில் சொன்னேன். மலர் வானொலியில் வன்னிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் முடித்ததும், "மோட்டார் சைக்கிளைக் கண்டதைச் சொல்லி, நீங்கள் விடுபட்டு வந்தண்டே நான் சொன்னனான், அந்த ஆளுக்கு ஃபோன் எடுக்காதேங்கோ எண்டு. நீங்கள்தான், பாவம் பயந்திட்டான் எண்டனீங்கள்" என்றாள்.

"பயந்துதானே சொன்னவன்."

"பயந்தவன் ஒருக்கால் ஓடுவான். திரும்பி வந்து வீட்டுச் சாமானைத் தூக்கமாட்டான்."

நான் இத்தனை வருடமாகப் பிரித்துப் பார்க்க முடியாமல் வைத்திருந்ததை அவள் இரண்டு வசனத்தில் பிரித்துவிட்டாள். முதலாவது பயத்தில் செய்தது. இரண்டாவது ஆறுதலாக இருந்து, பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்தின் அளவைப் பார்த்துச் செய்தது.

துளசி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கிருந்து எழுதும் எல்லாரும் சொல்வதுதான், பிள்ளைகள் விலகிப் போகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, அப்போ நீங்கள் கெமிஸ்ட் என்று சொன்னதெல்லாம் உண்மையா?"

அவள் அதை இவ்வளவு நாளும் நம்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலைக் கேட்கும் இடத்தில் அவள் தொழிலாளி என்று எழுதுவது அது இலகு என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். ஊரில் எல்லாரும் பெரிய ஆளாக இருந்ததாகச் சொல்லும் அப்பாமார் இங்கே நிறைய. என்னையும் அவர்களில் ஒருவனாகவே எண்ணியிருக்கிறாள்.

"உண்மை" என்றேன்.

"அப்போ அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாமே. ஆதாரம் இருக்கா?"

மலர் மறுநாள் சாப்பாட்டை டப்பாவில் போட்டு, மெல்லிய பையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கையைப் பார்த்தேன்.

"இன்னொரு பை தாரும்" என்றேன்.

8

புதன்கிழமை காலை உடை மாற்றியதும் முதலில் மார்த்தாவிடம் போய், பயிற்சி தொடங்குமுன் ஒன்று காட்டவேண்டும் என்றேன். உலர்த்தியில் இரவு ஓடிய குறுணி இருந்தது, வழவழப்புத் தூள் இன்னும் சேராதது. கருவியின் ஒளி முனையைச் சாளரத்திலிருந்து கழற்றி, குறுணியில் ஒரு கரண்டி எடுத்து, திறந்தபடி ஒளியின் கீழ் வைத்தேன். திரையில் தண்ணீர் மேடு மட்டும், அதற்கு அப்பால் கோடு சமமாகப் போனது. அதே குறுணியைப் பையில் போட்டு, காற்றில்லாமல் அமுக்கி, முடிச்சுப் போட்டு, பையின் மேலே ஒளியை வைத்தேன். தண்ணீர் மேட்டுக்கு அப்பால், ஒரு சிறு மேடு எழுந்தது.

நேற்றுப் பயிற்சியில் எல்லாருக்கும் தந்த தாளை மார்த்தா சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதிலிருந்த எமிலின் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்போது எமில் கோப்பியோடு உள்ளே வந்தார். வந்தவர் பையைப் பார்த்தார். பையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. திரையைப் பார்த்த பிறகு விளங்கியது.

"இது வழவழப்புத் தூள் இல்லை. பொலித்தீன்" என்றார் மார்த்தா, யாரையும் பார்க்காமல். பிறகு எமிலிடம் கேட்டார்: "உங்கள் படத்துக்குள் பொலித்தீன் எப்படி வந்தது?"

எமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்த்தா என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளவத்தைச் சந்தையில் நான் வாங்கினேன்" என்றேன்.